உபகாரச் சம்பளம்: கொடையா, கூலியா?

ஜொகூர் மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் மேற்படிப்புக்குரிய கடிதம் ஒன்று வந்து சேர்தல் இன்று அரிய நிகழ்ச்சியன்று. ஸ்கூடாயில் 1985 முதல் முதன்மை வளாகத்தைக் கொண்டு இயங்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அனுப்பியதாக அக்கடிதம் இருக்கலாம்; பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் அனுப்பியதாக இருக்கலாம்; பாலத்தைக் கடந்தால் எட்டும் சிங்கப்பூரிலிருந்தோ, பெருங்கடல் கடந்த அமெரிக்காவிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். முதுகலைக்கோ முனைவர் பட்டத்திற்கோ இடமளித்து, மாதந்தோறும் இத்தொகை தருவோம் என்று கூறும் கடிதம் அது. வீட்டில் எழும் முதற்கேள்வி, "மாதம் எவ்வளவு?" என்பதே. அக்கேள்வியில் தவறில்லை. ஆனால் அதனோடு வாசிப்பு நின்றுவிடுகிறது என்பதே குறை.

அத்தொகை எத்தனை திங்களுக்கு உரியது? கல்விக் கட்டணம் அதனுள் அடங்குமா, அதற்குப் புறம்பா? அதற்கு ஈடாக மாணவர் செய்ய வேண்டிய வேலை யாது? படிப்பு முடிந்தபின் அவரைக் கட்டும் ஒப்பந்தம் உண்டா? வரியும் பிடித்தமும் போகக் கைக்கு வருவது எவ்வளவு? இவ்வைந்தும் கேட்கப்படாமலே பல கடிதங்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்தாகின்றன. ஓராண்டு கழிந்தபின் எழும் துன்பத்திற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை கூறுவோர் பலர். கடிதத்தைப் படித்த முறையைக் குறை கூறுவோர் சிலரே. படிக்கும் முறை என்பது தமிழாசிரியரின் தொழில். ஆதலின் இப்பொருள் கணக்கருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டும் உரியதன்று. தமிழ் கற்பிப்போர்க்கும் உரியது.

இரு சொல் சேர்ந்த தொடர்

மலாயாவிலும் இலங்கையிலும் ஒரு தலைமுறைக்கு முன்வரை இத்தொகைக்கு வழங்கிய பெயர் 'உபகாரச் சம்பளம்' என்பது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவோர் இத்தொடரைப் பன்முறை காண்பர். தூய தமிழ் வழக்கு வலுப்பெற்றபோது இஃது ஒதுக்கப்பட்டு, 'உதவித்தொகை' என்னும் தொடர் அவ்விடத்தில் அமர்ந்தது. எளிமையும் இனிமையும் உடைய சொல்லாட்சியே அது. எனினும் மாற்றத்தால் இழந்தது ஒன்று உண்டு.

உபகாரம் என்பது கொடை. சம்பளம் என்பது உழைப்புக்கு ஈடு. ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரு கருத்தையும் ஒரு தொடரில் பிணைத்து வைத்த பழைய பெயர், பொருளின் உள்முரணை மறைக்காமல் காட்டிற்று. கொடுப்பவன் கொடையாகக் கருதினும் பெறுபவன் அதற்காக உழைக்கிறான். பெறுபவன் உழைப்பாகக் கருதினும் கொடுப்பவன் அதைக் கூலியாக ஒப்புக்கொள்வதில்லை. இந்த இழுபறியே இத்தொகையின் இயல்பு. 'உதவித்தொகை' என்ற பெயரோ கொடை என்னும் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொரு பாதியைக் கைவிட்டது. உதவி என்ற சொல்லைக் கேட்டவுடன் நன்றி சொல்லத் தோன்றுமேயன்றி நிபந்தனை கேட்கத் தோன்றாது. கடிதத்தைக் கேள்வியின்றி ஏற்கும் பழக்கத்திற்கு இச்சொல்லும் ஒரு துணை எனல் மிகையாகாது.

சம்பளம் என்னும் சொல்லின் பிறப்பும் ஈண்டு நோக்கத்தக்கது. சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், கூலியாகக் கொடுக்கப்பட்டமையால் இப்பெயர் வந்தது என்று மேடைகளில் கூறக் கேட்கலாம். வடமொழியில் 'சம்பல' என்னும் சொல் வழிப்போக்கர் கொண்டுசெல்லும் உணவைக் குறிக்கும். அதினின்று வந்தது என்பார் கூற்றும் உண்டு. பின்னதைக் கொள்ளின், உபகாரச் சம்பளம் என்பது ஒருவன் நெடுவழி நடந்து முடிப்பதற்குப் பிறர் கட்டிக் கொடுத்த சோறு என்று பொருள்படும். ஆய்வு மாணவர் பெறும் தொகைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைத்தல் அரிது.

ஜொகூர் மக்கள் நாள்தோறும் கேட்கும் மலாய்ச் சொல்லிலும் இத்தகைய கலப்பு உண்டு. 'பியாசிஸ்வா' என்பதன் பின்பகுதியாகிய 'சிஸ்வா', 'சிஷ்ய' என்னும் வடசொல்லின் திரிபு. முன்பகுதி செலவைக் குறிப்பது. அதே சொல் 'பெயா' என்ற வடிவில் இந்தோனேசியாவில் சுங்கத் தீர்வையைக் குறிக்க இன்றும் வழங்குகிறது. மாணவனுக்குக் கொடுப்பதும் அரசு வாங்குவதும் ஒரு சொல்லடியில் நிற்பது தற்செயலே. ஆயினும் கொடையும் வரியும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்பதை நினைவூட்டுவதற்கு இது பயன்படும்.

பரிசில் பெற்றோர் இரவலர்தாமா?

கல்வி நிதி வழங்கும் விழாக்களில் பேசுவோர் சங்ககால வள்ளல்களை நினைவுகூர்தல் வழக்கம். பாரியும் அதியமானும் புலவரைப் புரந்தனர். அவ்வாறே இன்றைய செல்வரும் மாணவரைப் புரக்கின்றனர் என்று பேச்சு அமையும். புகழப்படுவோர் மகிழ்வர், பெறும் மாணவர் தலைகுனிந்து நிற்பர். இவ்வொப்புமை இரண்டு இடங்களில் பிழைபடுகிறது.

முதலாவது, பரிசில் பெற்ற புலவர் தலைகுனிந்து நின்றவரல்லர். பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் அவரை நேரிற் காணாமலே பொருளை அனுப்பினான். அப்பொருளை அவர் ஏற்கவில்லை. காணாமல் தரும் பொருளை வாங்கிச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அளந்தறிந்து தருவதாயின் தினையளவாயினும் இனிது என்றும் கூறினார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இதற்குச் சான்று. பரிசில் என்பது தகுதிக்குத் தரும் ஒப்புதல். ஒப்புதல் இல்லாத பொருள் எத்துணைப் பெரிதாயினும் பரிசில் ஆகாது என்பதே அவர் கருத்து.

பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பர் ஆராய்ச்சியாளர். அவை கூறும் பரிசில் முறைகளோ பலவகைப்பட்டவை. குமட்டூர்க் கண்ணனார்க்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களும், தென்னாட்டு வருவாயில் முப்பத்தெட்டு ஆண்டுக்கு ஒரு பாகமும் தரப்பட்டன என்று இரண்டாம் பத்தின் பதிகம் கூறும். கொடை இன்னது, எங்கிருந்து வருவது, எத்தனை ஆண்டுக்கு உரியது என்ற மூன்றும் அங்கே சொல்லப்படுகின்றன. அரிசில் கிழார் செய்தி வேறு வகையானது. பெருஞ்சேரல் இரும்பொறை ஒன்பது நூறாயிரம் காணத்தோடு ஆட்சிக் கட்டிலையும் தர, அதனை மன்னனே ஆள்க என வேண்டி, அவர் அமைச்சுப் பணியை ஏற்றார் என்று எட்டாம் பத்தின் பதிகம் கூறும். முன்னது பரிசில், பின்னது பணி. இவ்விரண்டும் வேறு என்பதை அறிந்தே பதிகம் செய்தார் பிரித்தெழுதினர். இன்றைய கடிதங்கள் பல, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன.

வரியைப் பற்றியும் சங்கப் பாடல் பேசாமல் இல்லை. வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் வீடு கொண்டார் என்று புறநானூற்று 35ஆம் பாட்டின் கொளு கூறுகின்றது. பாடிப் பொன் பெற்றோர் பலர். பாடி வரிநிலுவை நீக்கம் பெற்றவர் இவர். கொடுப்பது மட்டும் புரத்தலன்று, வாங்காது விடுதலும் புரத்தலே என்ற கருத்து அக்காலத்திலேயே இருந்தமை இதனாற் பெறப்படும்.

இரண்டாவது பிழை இதனினும் முதன்மையானது. பரிசில், பாடி முடித்த பின் கிடைப்பது. மாணவர்க்குரிய தொகையோ கற்கும் காலத்தில், செயல் முடியும் முன்னரே தேவைப்படுவது. புலவர்க்குத் தந்தது பயனுக்கு ஈடு. மாணவர்க்குத் தருவது பயன் விளையும்வரை தாங்கும் உணவு. ஆகவே மாணவர் தொகைக்கு முன்னோடி தேடுவோர் வள்ளல்களின் அவையை விட்டுக் கோயிற் சுவர்களை நோக்குதல் வேண்டும்.

கல்லில் எழுதிய கணக்கு

விழுப்புரம் வட்டாரத்து எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அக்கல்வெட்டு ஒரு கல்லூரியின் அமைப்பைக் கூறுகிறது. இளைய மாணவர் 270 பேர். மூத்த மாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இளையவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும் பயின்ற மூத்தவர்க்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. இளையவர்க்கு மட்டும் நாள்தோறும் 1,620 நாழி, மூத்தவர்க்கு 700 நாழி என்றாகும். இச்செலவுக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

புதுவையை அடுத்த திரிபுவனையில் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்கும் 72 வேலி நிலம் விட்டதைக் கூறுகிறது. அங்கே கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்றும் கடமையினின்று விலக்கப்பட்டனர். காலத்தையும் உழைப்பையும் ஊர் கேட்கக் கூடாது என்ற அவ்விலக்கும் ஒருவகை வரிவிலக்கே. திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டோ இன்னும் நுணுக்கமானது. கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றை ஒருங்கே கூறும் அது, மாணவர் படுக்கும் பாய், சனிக்கிழமை எண்ணெய் முழுக்குக்குரிய எண்ணெய், இரவு விளக்கு வரை செலவு வகுத்துள்ளது.

இக்கல்வெட்டுகளைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவோர் உளர். அவற்றின் உண்மைச் சிறப்பு பெருமையில் இல்லை, தெளிவில் உள்ளது. வருவாய் எங்கிருந்து, யார்க்கு, எவ்வளவு, எதற்காக என்பன அனைத்தும் ஒரே இடத்தில் எழுதப்பட்டன. எழுதியது கல்லில். பின்வந்தோர் மாற்றினால் மாற்றியது தெரியும். இன்று ஒரு பல்கலைக்கழகக் கடிதம் மாதத்தொகையை முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் கூறி, கட்டணத்தை இரண்டாம் பக்கத்திலும், காப்புறுதிச் செலவை இணைப்பிலும், தொகை ஆண்டுதோறும் மீளாய்வுக்கு உட்பட்டது என்பதை அடிக்குறிப்பிலும் கூறுமாயின், எண்ணாயிரத்துக் கல் அதனினும் நேர்மையான கடிதம் எனல் வேண்டும்.

இறையிலியின் மறுபக்கம்

ஆயினும் கல்வெட்டை அப்படியே போற்றிவிடுதல் திறனாய்வு ஆகாது. அக்கல்லூரிகளில் முதன்மையாகக் கற்பிக்கப்பட்டவை வேதமும் வடமொழி நூல்களுமே. கற்றோர் ஒரு வகுப்பினர். நிலத்தை உழுதவன் மகன் அங்கே பயிலவில்லை. இறையிலி என்ற சொல்லும் ஆராயத்தக்கது. இறையிலி நிலத்தில் உழுபவன் ஒன்றும் தராமல் இருந்தான் என்பது பொருளன்று. அரசனுக்குச் செல்லவேண்டிய பங்கு கோயிலுக்கோ கல்லூரிக்கோ சென்றது என்பதே பொருள். ஒருவர்க்கு விடப்பட்ட வரி மற்றொருவர் சுமையினின்று வருவது. மாணவர் உண்ட ஆறு நாழியும் எங்கோ ஓர் உழவன் அளந்த நெல்.

மலாயாத் தமிழர் வரலாற்றில் இவ்வமைப்பு ஒருமுறை தலைகீழாயிற்று. அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தோன்றிற்று. அதற்கு முன் ஆலோசனை கூறிய வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் வடமொழிக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். சோழர் கல்லூரிகளைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவரே. அப்பரிந்துரையை எதிர்த்துத் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. அந்நிதிக்குச் சிறு தொகைகளைத் தந்தோருள் நாட்கூலி பெற்று வாழ்ந்த எளிய தமிழர் பலர். பல்கலைக்கழக வாயிலைக் கண்டிராதவர், பின்வரும் மாணவர்க்காகக் கொடுத்தனர். 1961இல் அத்துறையின் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்தினார். துறை தமிழுக்கு நிலைத்தமைக்கு அச்சிறு தொகைகளும் காரணம்.

சங்ககால வள்ளல் பெறுபவனைவிடச் செல்வன். மலாயாவிலோ கொடுத்தவர், பெறப்போகும் மாணவரைவிட ஏழை. விழாமேடைப் பேச்சில் பாரிக்கு இடம் உண்டு. இவர்களுக்கு இடம் இல்லை. இவர்களை நினைந்தால் மாணவர் தலைகுனிய வேண்டுவதில்லை. ஆனால் பெற்ற தொகையைக் கணக்கோடு ஆளவேண்டும் என்ற பொறுப்பு கூடும். அரசு வழங்கும் தொகைக்கும் இது பொருந்தும். ஏனெனில் அரசின் பணம் என்பது மக்கள் செலுத்திய வரியே.

வரி கேட்கும் கேள்வி

இனி வரிச்சட்டம் இத்தொகையை எவ்வாறு காண்கிறது என்பதைக் காணலாம். கொடையா கூலியா என்று சொல்லாய்வு எழுப்பிய வினாவையே சட்டமும் எழுப்புகிறது. நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது.

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், ஆறாம் அட்டவணையின் 24ஆம் பத்தியில், ஒருவர் பெறும் கல்வி உதவித்தொகையையும் அதனையொத்த மானியத்தையும் படியையும் வரியினின்று விலக்குகிறது. அவர் பார்க்கும் வேலையோடு தொடர்பு உடையதாயினும், இல்லாததாயினும் விலக்கு உண்டு என்று அப்பத்தி தெளிவாகக் கூறுகிறது. உபகாரமா சம்பளமா என்ற ஐயத்தை மாணவர் பக்கமே தீர்த்து வைத்த சட்டம் எனலாம். சிங்கப்பூர்ச் சட்டமும் பல்கலைக்கழகத்தில் முழுநேரம் பயில்வோர் பெறும் தொகையை விலக்குகிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் 10ஆம் பிரிவின் 16ஆம் உட்பிரிவில், கல்விச் செலவுக்காக வழங்கப்படும் தொகைக்கு விலக்குத் தந்தது. ஆகவே ஸ்கூடாயில் தொகை பெறும் மாணவரும், பாலத்தைக் கடந்து சென்று பெறும் மாணவரும் கடிதத்தில் கண்ட எண்ணை, வரியைப் பொறுத்தவரை, நம்பலாம். எனினும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் பணியாளராக நியமனம் பெற்று வாங்கும் ஊதியம் வேறு. அதற்கு உதவித்தொகை என்று எவரேனும் பெயரிட்டு அழைத்தாலும் இயல்பு மாறாது.

அமெரிக்காவின் விடை வேறு. அங்கே 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின், பட்டத்திற்குப் பயிலும் மாணவர் பெறும் தொகையில் கல்விக் கட்டணத்திற்கும் கட்டாயப் புத்தகம், கருவி ஆகியவற்றிற்கும் செல்லும் பகுதிக்கு மட்டுமே விலக்கு உண்டு. உணவுக்கும் வாடகைக்கும் செல்லும் பகுதி வருமானம். கற்பித்தலுக்கோ ஆய்வுப் பணிக்கோ ஈடாகத் தரும் தொகை ஊதியம். 2017ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டுக் கீழவை நிறைவேற்றிய வரி மசோதா இன்னும் ஒரு படி சென்றது: பணிபுரியும் ஆய்வு மாணவர்க்குப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்கும் கல்விக் கட்டணத்தையும் வருமானமாகக் கொள்ள முயன்றது. கையால் தொடாத பணத்திற்கு வரியா என்று மாணவர் கிளர்ந்தெழுந்தனர். டிசம்பரில் சட்டமான இறுதி வடிவில் அப்பகுதி இடம்பெறவில்லை.

அமெரிக்க முறைக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் ஓராண்டில் ஈட்டும் தொகைக்கு வரி செலுத்துகையில், அதே தொகை பெறும் ஆய்வு மாணவர் செலுத்தாதது சமநீதியா என்று கேட்போர் உளர். உண்ணும் சோறு இருவர்க்கும் ஒன்றே என்பது அவர் வாதம். கேள்வி வலியது. ஆனால் ஓட்டுநர் தம் கூலியைப் பேசிப் பெற இயலும். வேறிடம் மாறவும் இயலும். மாணவர்க்குரிய தொகையோ ஒருவர் ஒரு மாதம் உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு வரையறுக்கப்படுவது. அளந்து வைத்த சோற்றில் ஒரு பிடி எடுத்தால் மிஞ்சுவது பசி. பொதுப்பணத்தைக் கல்விக்கென ஒரு கையால் கொடுத்து, மறுகையால் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் அரசு, கொடையின் அளவைக் கூட்டிக் காட்டுகிறதேயன்றிக் கூட்டவில்லை. விலக்கு வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இதுவே. மாணவர் உயர்ந்தவர் என்பது காரணமன்று.

ஒரே மேசையில் இரு தமிழர்

சட்டவேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மதுரையிலிருந்து சென்ற மாணவர் ஒருவரும், குளுவாங்கிலிருந்து சென்ற மாணவர் ஒருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருப்பதாகக் கொள்க. இருவரும் பெறும் தொகை ஆண்டுக்கு 30,000 டாலர். பணிக்கு ஈடாக அன்றி ஆய்வு உதவியாக வருவது. மாதம் 2,500 டாலர். வெளிநாட்டு மாணவர் நுழைவிசைவில் உள்ளவர்க்கு இத்தகைய தொகையில் நூற்றுக்கு 14 வீதம் முன்கூட்டியே பிடித்தல் அந்நாட்டு விதி. குளுவாங் மாணவர்க்கு மாதம் 350 டாலர் கைக்கு வருமுன்னரே கழியும். ஆண்டிறுதிக் கணக்கில் அவர் வரி கூடவோ குறையவோ செய்யலாம். வாடகை நாள் ஆண்டிறுதிவரை காத்திராது.

மதுரை மாணவர் நிலை வேறு. இந்தியாவும் அமெரிக்காவும் 1989இல் கையெழுத்திட்ட வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, அந்நாட்டுக் குடியிருப்போர்க்குரிய பொதுக் கழிவை இந்திய மாணவர்க்கும் அளிக்கிறது. வரிக்குரிய தொகை அதனால் பெரிதும் குறையும். மலேசியாவிற்கும் அமெரிக்காவிற்கும் இடையே இத்தகைய முழுமையான வருமானவரி உடன்படிக்கை இல்லை, சிங்கப்பூருக்கும் இல்லை. பொதுவாக ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் கழிந்து, வரிநோக்கில் குடியிருப்பவராகக் கருதப்படும்வரை, ஜொகூர் மாணவர்க்கு அக்கழிவு கிட்டாது.

மொழி ஒன்று, ஆய்வு ஒன்று, கடிதத்தில் எழுதிய எண்ணும் ஒன்று. கையில் வருவது வேறு. இருவர் அறிவிலும் உழைப்பிலும் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் இல்லை. இரு அரசுகள் ஒரு தாளில் எழுதியதும் எழுதாததும் காரணம். நண்பர் ஒருவர் "எனக்கு இத்தொகை போதுமாயிருந்தது" என்று கூறுவதை நம்பிப் புறப்படும் மாணவர், அந்நண்பர் எந்நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் என்று கேட்டாக வேண்டும்.

ஆசிரியர் செய்யும் ஆற்றுப்படை

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லி ஆற்றுப்படுத்தும் மரபைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்தது. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை என்னும் வகையின. இவற்றை வகுப்பில் கற்பிக்கையில் வள்ளலின் கொடைச்சிறப்பே மிகுதியும் எடுத்துரைக்கப்படுகிறது. தேர்வு வினாக்களும் அதனையே கேட்கின்றன. இப்பயிற்சி ஒருபக்கச் சார்புடையது.

பெருங்கௌசிகனார் இயற்றிய மலைபடுகடாம், அதாவது கூத்தராற்றுப்படை, 583 அடிகள் கொண்டது. நன்னன் கொடையைப் பாடும் அந்நூல், அவனிடம் செல்லும் வழியின் இடர்களை விரிவாகக் கூறுகிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாம்பு உறையும் குழி யாது, வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்றெல்லாம் முன்சென்றவன் பின்வருபவனுக்கு எடுத்துரைக்கிறான். கொடையை மட்டும் சொல்லி வழியின் இடரைச் சொல்லாதிருப்பின், அது வள்ளலின் விளம்பரமாக முடியும், பின்வருபவனுக்குத் துணையாகாது. ஆற்றுப்படையின் அறம் இடரையும் சேர்த்துச் சொல்லுதலில் உள்ளது.

இன்று உயர்கல்விக்கு வழிகாட்டும் பேச்சுகளும் துண்டறிக்கைகளும் இவ்வளவுகோலால் அளக்கப்பட வேண்டியவை. முழுச் செலவும் ஏற்கப்படும் என்று அவை கூறுகின்றன. ஆய்வு மாணவர் பெறுவது கொடையாயின் அதன் காலவரை யாது, கூலியாயின் வேலைநேரம் யாது, கடனாயின் திருப்பும் நாள் யாது என்று அவை பிரித்துக் கூறுவதில்லை. மலேசியாவில் 1997இல் தோன்றிய தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் தருவது கடன். அதனையும் 'உதவி' என்றே பல குடும்பங்கள் வழங்குகின்றன. சிங்கப்பூரில் பட்டப்படிப்புக்குக் கட்டண மானியம் ஏற்கும் வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்தபின் மூன்றாண்டு பணிபுரியக் கடமைப்பட்டவர். அதனையும் சலுகை என்று மட்டுமே சொல்லிவிடுகின்றனர். ஒரே சொல் நான்கு வேறு பொருளுக்கு நிற்குமாயின், அச்சொல்லை நம்பிச் செல்வோர் வழி தவறுதல் இயல்பு.

உரையாசிரியர் ஒரு செய்யுளுக்குச் சொற்பொருள் கூறி, தொக்கு நின்றதை விரித்து, கூறாது விட்டதைக் குறிப்பாற் கொண்டு உரை செய்வர். அம்முறையே இக்கடிதங்களுக்கும் வேண்டும். தருவோம் என்று கூறாமல் 'தரப்படலாம்' என்று கூறியது ஏன்? ஆண்டு பன்னிரு திங்களாக இருக்க ஒன்பது திங்களுக்கு மட்டும் தொகை கூறியது ஏன்? கட்டணத்தைப் பற்றிச் சொல்லாது விட்டதன் பொருள் யாது? வரி என்ற சொல்லே இல்லாத கடிதம் வரியில்லாத தொகையைக் குறிக்குமா? இவற்றைக் கேட்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டுவதில்லை; பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் படித்த பயிற்சி போதும். ஐயம் எழுந்தபின் பல்கலைக்கழக அலுவலகத்தையோ வரி வாரியத்தையோ எழுத்தில் கேட்டு விடைபெறல் மாணவர் கடமை. ஐயம் எழச் செய்தல் ஆசிரியர் கடமை.

தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி முனைவர் பட்டம்வரை செல்லும் மாணவர் நடக்கும் வழி நெடியது. இடையில் நிற்பின் திரும்பி நடக்கவும் கையில் ஒன்றும் இராது. வசதியுள்ள குடும்பத்து மாணவர்க்குக் கடிதத்தைத் தவறாகப் படித்தல் ஒரு தொல்லை. அவர் தந்தையார் குறையை ஈடுசெய்வார். தோட்டப்புற மாணவர்க்கோ அது படிப்பின் முடிவு. நெல்லையும் எண்ணெயையும் விளக்கையும் தனித்தனியே கணக்கிட்டுக் கல்லில் எழுதிய முன்னோரின் நுணுக்கத்தையும், பன்றிப்பொறி இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பிய கூத்தனின் நேர்மையையும் தமிழ் வகுப்பு கற்பிக்குமாயின், அம்மாணவர் கடிதத்தைப் பெற்ற மகிழ்ச்சி குறையாமலே அதன் ஐந்து கேள்விகளையும் கேட்டபின் கையெழுத்திடுவர்.